அகூட்டிக் கூட்டின் கதவைத் திறந்தவள்

அக்கா,

போன ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது உங்கள் கணவர், நம் அண்ணை, ஒரு பிஸ்கட் பேணியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நீங்கள் எங்களை விட்டுப் போய் இரண்டு மாதமாகியும் மனுசன் உங்கள் அலுமாரியைத் திறக்கவில்லையாம். அந்தக் கிழமைதான் திறந்திருக்கிறார். பேணிக்குள் மேலாக இருந்தது தேங்காய்ச் சிரட்டை போன்ற ஒரு பிரேசில் கொட்டைக் கோது. அதன் ஒரு பக்கத்தில் நம் பூங்கா அகூட்டி பல்லால் அரிந்த ஓட்டை. அதை எனக்குத் தெரியும். நம் இருவர் கண் முன்னால்தான் அது திறக்கப்பட்டது. அதற்குக் கீழே உங்கள் பழைய பெயர் அட்டை. அதற்கும் கீழே, கடதாசித் துண்டில் சுற்றி, தலைமயிர் கட்டும் ஒரு நீலப் பட்டி.

வெள்ளி நூல் ஓடிய பட்டி. ஒரு இடத்தில் அறுந்து, கறுப்பு நூலால் நானே தைத்தது. கறுப்பு நூலைக் கண்டதும் கோப்பையைத் தட்டிவிட்டேன். தேத்தண்ணீர் மேசையில் ஊற்றுப்பட்டதைக்கூட அண்ணைதான் துடைத்தார்.

"உம்மட்டைத்தான் குடுக்கச் சொன்னவ," என்றார். "ஆசுபத்திரியிலை வைச்சுச் சொன்னவ. இது என்னப்பா எண்டு கேட்டனான். அவளுக்குத் தெரியும் எண்டவ. வேறை ஒண்டும் சொல்லேல்லை."

எனக்குத் தெரியும், அக்கா. உங்களுக்குத் தெரியும் என்பதுதான் இந்த ஏழு வருடமும் எனக்குத் தெரியாமல் இருந்தது.

இந்த மடலை எழுதும்போதும் அந்த அதிர்ச்சி அடங்கவில்லை. சின்ன வயதில் கிணற்று வாளி கை நழுவி விழுந்தபோது அது அடி தட்டும் சத்தத்துக்காகக் காத்து நின்றேன். இப்போதும் அப்படித்தான் இருக்கிறது, இன்னும் அடி தட்டவில்லை. நடந்ததை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நான் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. அதனால் முதலிலிருந்து சொல்லப்போகிறேன்.

2001 இலையுதிர் காலத்தில் நான் அந்த மிருகப் பூங்காவில் வேலைக்குச் சேர்ந்தேன். ஸ்டுட்கார்ட்டிலிருந்து எஸ்-பான் ரயிலில் முக்கால் மணி நேரம். என் கணவருடைய தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். மகளுக்குப் பத்து மாதம். எனக்கு ஆறு மாதப் பரீட்சார்த்த வேலை, Probezeit. அதற்குள் ஒரு பிழை விட்டால் காரணம்கூடச் சொல்லாமல் அனுப்பலாம். உங்களுக்கு நிரந்தர வேலை. தென்னமெரிக்க மண்டபத்தில் நான்கு வருடம் பழகிய கை. வெளியே குளிர் கடித்தாலும் அந்த மண்டபத்துக்குள் மன்னார் வெயில் என்று நீங்கள் சொல்வீர்கள். முதல் நாளே என்னைக் கண்டு, "தமிழோ? ஓம் எண்டு சொல்லும், நாலு வருசமா நான் இதுகளோடைதான் தமிழ் கதைக்கிறன்," என்று பன்றிபோல் நின்ற தபீரைக் காட்டினீர்கள். தபீர் மூக்கை நீட்டி நம்மை மணந்து பார்த்தது.

அந்த மாரியில் நான் சிரித்ததுபோல் இந்த நாட்டில் வேறு எப்போதும் சிரித்ததில்லை. கிளையில் தலைகீழாகத் தொங்கியே வாழும் அந்தப் பிராணிக்கு ஜெர்மன்காரர் சோம்பல் விலங்கு என்று பெயர் வைத்திருந்தார்கள். அது கிழமைக்கு ஒரு தரம்தான் மலம் கழிக்க மரத்தை விட்டு இறங்கும். அது இறங்குகிற நாளில் நீங்கள் எல்லோருக்கும் அறிவித்தல் கொடுப்பீர்கள். பக்கத்துக் கூட்டில் சின்னத் தாமரின் குரங்குகள். அங்கே குட்டிகளைச் சுமப்பது தகப்பன். பால் குடிக்க மட்டும் தாயிடம் கொடுத்துவிட்டுத் திரும்ப முதுகில் ஏற்றிக்கொள்ளும். அதற்குக் களைத்தால் மூத்த பிள்ளைகள் மாறி மாறிச் சுமக்கும். என் கணவர் ஒருநாள் என்னைக் கூட்டிப்போக வந்தபோது அவரை அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, "தம்பி, பாரும். அந்தாள் வேலைக்கும் போறேல்லை, பிள்ளையையும் தூக்குது. நீர் ஒண்டைத்தான் செய்யுறீர்," என்றீர்கள். அவர் முகம் சிவந்து, அன்றைக்கு பஸ்சில் மகளைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

ஆனால் உங்கள் உயிர் அகூட்டிகளில்தான் இருந்தது. முயலளவு உடம்பு, மெல்லிய கால், பின்பக்கம் பொன்னிற மயிர். பின்னங்காலில் குந்தி முன்னங்கைகளால் கொட்டையைப் பிடித்துச் சாப்பிடும். உருட்டி உருட்டித் தோலை உரித்துத்தான் வாய் வைக்கும். வயிறு நிறைந்ததும் மிஞ்சியதை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய், ஒவ்வொரு இடத்தில் சின்னக் குழி தோண்டிப் புதைத்து, கையால் தட்டி, மேலே ஒரு சருகை இழுத்துவிடும். எல்லாவற்றையும் ஒரே குழியில் போடாது. கண்ணாடிக்கு வெளியே இருந்த பலகையில், அகூட்டி புதைத்த இடங்களில் சிலவற்றை மறந்துவிடும், அப்படி மறந்த கொட்டைகள்தான் காட்டில் மரமாகின்றன என்று எழுதியிருந்தது. அந்தப் பலகையோடு உங்களுக்குத் தீராத வழக்கு.

"மறக்கிறதெண்டு ஆர் இவைக்குச் சொன்னது? போன செவ்வாய் புதைச்சதை இண்டைக்கு நேரை போய்க் கிண்டி எடுக்குது. மறக்கிறேல்லைப் பிள்ளை. வேண்டாமெண்டு விடுகுது."

2002 தை மாதம் பெரிய பெண் அகூட்டி ஒரு குட்டி போட்டது. உடம்பு முழுக்க மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறந்து, ஒரு மணி நேரத்துக்குள் எழும்பி நடந்தது. தாய் அதை மூலையிலிருந்த குழாய்களுக்குக் கூட்டிப்போய்க் காட்ட, குட்டி தனக்கு அளவான ஒன்றைத் தெரிந்து உள்ளே புகுந்துகொண்டது. அதற்குள் தாயே போக முடியாது. காலையும் பின்னேரமும் வாசலில் நின்று கூப்பிடும்போது வந்து பால் குடித்துவிட்டுத் திரும்பும். நீங்கள் சுத்தம் செய்கிற தடியைத் தோளில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அதைப் பார்த்தபடி நின்றீர்கள். பிள்ளையே தன் அறையைத் தெரிவு செய்கிறது, இந்த நாட்டுப் பிள்ளை என்று பகிடி விட்டீர்கள்.

அந்த நேரத்தில்தான் வேறொரு பூங்காவிலிருந்து ஒரு இளம் பெண் அகூட்டி வந்து பக்கத்துப் பெட்டியில் இருந்தது. அதற்குச் சோடி வசந்தத்தில்தான் வரும். இரண்டு பெட்டிக்கும் நடுவே, மேலே இழுத்துக் கட்டுகிற பலகைக் கதவு. எங்கள் பொறுப்பாளரை எல்லோரும் செஃப் என்போம். அவர் அந்தக் கதவைத் திறக்கவே கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். நான் இரண்டு தரமும் தலையாட்டினேன்.

பிறகு ஏன் திறந்தேன்? இதை நான் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை.

மகள் பிறந்தபோது எனக்கு ஒருவரும் இல்லை. எங்கள் வீடுகளில் பிள்ளை பெற்றவளைத் தனியே விடுவதில்லை. சரக்கு அரைக்க ஒருத்தி, பிள்ளை தூக்க ஒருத்தி, ஒன்றும் செய்யாமல் பக்கத்தில் குந்தியிருந்து ஊர்க்கதை பேச ஒருத்தி. எனக்கு இங்கே மூன்றாம் மாடியில் ஒரு அறையும், குளிரில் மூடிய யன்னலும், காலையில் போய் இருட்டில் வருகிற கணவனும்தான். எட்டாம் நாள் நான் சுவரோடு கதைத்தேன். அப்போது உங்களை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நீங்கள் வந்திருப்பீர்கள்.

அன்று பின்னேரம் நாலரைக்கு நீங்கள் பெட்டிகளைச் சுத்தம் செய்து முடித்துத் தபீர் கட்டடத்துக்குப் போயிருந்தீர்கள். நான் தனியே. தாய் அகூட்டி மூலையில் ஒடுங்கியிருந்தது. பக்கத்துப் பெட்டியில் மற்றது காலால் நிலத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. தட் தட்டென்று, விட்டுவிட்டு. அது கூப்பிடுகிறது என்று நினைத்தேன். ஒன்று பிள்ளை பெற்று ஆளில்லாமல் இருக்கிறது, மற்றது ஆளில்லாமல் தவிக்கிறது, நடுவே ஒரு பலகை. எதிரே தாமரின் குரங்குகளின் கூட்டில் ஒரு குட்டியை நான்கு பேர் மாறிமாறித் தூக்குகிறார்கள். இந்த ஆபீஸ்காரருக்கு என்ன தெரியும் என்று எனக்குள் ஒரு திமிர் எழும்பியது. பத்து நிமிடம் என்று நினைத்துத்தான் கயிற்றை இழுத்தேன். கயிறு மாட்டும் கொக்கி அந்தக் கிழமை உடைந்திருந்தது. தலையிலிருந்த பட்டியை உருவிக் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன்.

ஒன்றும் நடக்கவில்லை, அக்கா. இளையது உள்ளே வந்து, பின்னங்காலில் குந்தி, கைகளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு இருந்தது. கோயிலுக்கு வந்த பெண் மாதிரி இருந்தது. எனக்குக் கண் கலங்கியது. அப்போது, இவர் வேலை தேடிப் போகிற நாட்களில் பிள்ளை பார்க்கிற பெண்ணிடமிருந்து தொலைபேசி வந்தது. மகளுக்குக் காய்ச்சல், உடனே வாங்கோ என்று. நான் ஓடினேன். மகளின் நெற்றியில் ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தபோதுதான் கதவு நினைவுக்கு வந்தது. பூங்காவுக்கு அறிவித்திருக்கலாம். காவலாளி இருந்தார். இரண்டும் சொந்தக்காரர் மாதிரி இருந்தன, விடியட்டும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மறந்தேன் என்று சொல்லக்கூட எனக்கு உரிமை இல்லை.

காலையில் நான் வந்தபோது நீங்கள் எனக்கு முன்னமே வந்திருந்தீர்கள். கதவு கீழே இறங்கியிருந்தது. உங்கள் கையில் ஒரு துவாய். துவாய்க்குள் குட்டி. கழுத்தில் கடித்த அடையாளம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது, அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. தாய் அந்தச் சின்னக் குழாயின் வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வழமையான நேரத்துக்கு, வழமையான குரலில். அந்தக் குரல்தான் என்னை அடித்து விழுத்தியது.

செஃப் வந்தார். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. காட்டில் ஒரு அகூட்டிப் பெண்ணின் நிலத்தில் இன்னொரு பெண் இருக்கமாட்டாது, அந்நியக் குட்டியைக் கண்டால் கொல்லும், காலால் தட்டுவது பயத்திலும் எச்சரிக்கையிலும், இதையெல்லாம் நான் சொல்லவில்லையா என்று கேட்டார். யார் கதவைத் திறந்தது என்று கேட்டார். நான் அந்தக் குழாயின் வாசலையே பார்த்தேன்.

நீங்கள் சொன்னீர்கள். உங்கள் உடைந்த ஜெர்மனில், ஒரு மூச்சில், சுத்தம் செய்தபோது திறந்தேன், மூட மறந்துவிட்டேன், நான்தான் என்று.

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. நீங்கள் உண்மையாகவே அப்படி நம்புகிறீர்கள் என்று நான் நினைத்தேன். நினைத்தேனா, நினைக்க விரும்பினேனா? சுத்தம் செய்தவர் நீங்கள்தானே, குழம்பியிருப்பீர்கள் என்று. அன்று முழுக்க அள்ளிக் கொட்டிய வைக்கோலில் என் பட்டியைத் தேடினேன். கிடைக்கவில்லை. எங்கேயோ குப்பையோடு போய்விட்டது என்று ஆறுதலடைந்தேன். ஆறுதல் என்ற சொல்லை எழுதவே வெட்கமாயிருக்கிறது.

உங்களைக் கியோஸ்குக்கு மாற்றினார்கள். கிழங்குப் பொரியல், சொசேஜ், தட்டுக் கழுவுதல். ஒரு பருவத்துக்கு என்றார்கள். பிறகு யாரும் அதை நினைக்கவில்லை. பங்குனியில் என் Probezeit முடிந்தது. நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போட்டேன். பிறகு தொழிற்பயிற்சி, Ausbildung, எடுத்தேன், தேர்வில் அகூட்டியைப் பற்றி ஒரு கேள்வி வந்தது, முழுப் புள்ளி. அதைச் சொல்ல உங்களிடம்தான் ஓடிவந்தேன். நீங்கள் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு எனக்கு ஒரு தட்டுப் பொரியல் தந்தீர்கள்.

இடைவேளைகளில் நீங்கள் தென்னமெரிக்க மண்டபத்துக்கு வருவீர்கள். வேலைக்காரர் வாசலால் அல்ல, பார்வையாளர் வாசலால். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பின்னால் நின்று கண்ணாடிக்கு வெளியே இருந்து பார்ப்பீர்கள். நான் உள்ளே நின்று கொட்டை வைப்பேன். எத்தனையோ தரம் வெளியே வந்து சொல்லிவிட நினைத்தேன். ஒரு தரம், "அக்கா, அண்டைக்கு அந்தக் கதவு," என்று தொடங்கியும்விட்டேன்.

"விடு பிள்ளை," என்றீர்கள். "மகளுக்குக் கடைவாய்ப் பல்லு முளைச்சிட்டுதோ?"

உங்களுக்கு அது நோகிற இடம், அதனால்தான் பேச்சை மாற்றுகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். எவ்வளவு வசதியாக எடுத்துக்கொண்டேன்.

அந்த வருட நத்தார் பெருநாளுக்கு நீங்கள் எனக்குத் தந்த பரிசு நினைவிருக்கிறதா? ஒரு அட்டையில் குத்திய ஆறு தலைமயிர்ப் பட்டிகள். எல்லாம் நீலம். "தலையைக் கட்டிக்கொண்டு வேலை செய்," என்று சொன்னீர்கள். நான் சிரித்து, நன்றி சொல்லி, அப்போதே ஒன்றை எடுத்துக் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அந்தப் பேணியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த அட்டை கண் முன்னால் வந்தது. அதிலிருந்து எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வேறு முகம் காட்டின. ஆசுபத்திரியில் கடைசியாக வந்தபோது என் தலையைத் தொட்டு, "இப்ப வடிவாக் கட்டுறாய்," என்றீர்கள். அந்தத் தாய் இன்னும் இருக்கிறதோ என்று கேட்டீர்கள். இருக்கிறது, கிழடாகிவிட்டது, பிறகு நாலு குட்டி போட்டது என்றேன். கண்ணை மூடிக்கொண்டீர்கள். நான் அப்போதும் சொல்லவில்லை. நீங்கள் எனக்குக் கடைசி வரைக்கும் நேரம் தந்திருக்கிறீர்கள், நான் குட்டிக் கணக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அன்று விடிய முதல் ஆளாய் வந்து, இரத்தத்தைக் கண்டு, மேலே பார்த்து, கம்பியில் என் பட்டியைக் கண்டு, அதை அவிழ்த்து ஏப்ரன் பையில் போட்டிருக்கிறீர்கள். இதற்கெல்லாம் உங்களுக்குப் பத்து நிமிடம் இருந்திருக்குமா? எனக்கு வேலை போகும், உங்களுக்கு இடம்தான் மாறும் என்று அந்தப் பத்து நிமிடத்தில் எடை போட்டிருக்கிறீர்கள். அந்தப் பிராணிகள் இல்லாமல் உங்களால் இருக்க ஏலாது என்பதையும் அதே தட்டில் வைத்துப் பார்த்தீர்களா? எனக்குக் கோபமும் வருகிறது, அக்கா. யார் உங்களைக் கேட்டது? ஒரு தரம் என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால் அந்த நிமிடமே ஓடிப்போய் உண்மையைச் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா என்று கேட்காதீர்கள்.

அந்த ஞாயிறு, கோயில் மண்டபத்தில் வைத்தே அண்ணைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேணியின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றைத்தான் சொன்னார்.

"நான் அவவை எத்தினை தரம் பகிடி பண்ணினனான். அடுப்பை நிப்பாட்டினீரோ, கதவைப் பூட்டினீரோ, அகூட்டிக்குச் செய்த மாதிரிச் செய்துபோடாதையும் எண்டு. ஒவ்வொருக்காலும் ஓம் எண்டுபோட்டுத் திரும்பப் போய்ப் பூட்டைப் பாத்திட்டு வருவா."

கோட்டும் போடாமல் வெளியே போய் நின்றார். நான் பின்னால் போகவில்லை.

திங்கட்கிழமை செஃபின் அறைக்குப் போனேன். அவர் இந்த வருடத்தோடு ஓய்வு பெறுகிறார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழும்பி, அலுமாரியின் அடித்தட்டிலிருந்து 2002ஆம் ஆண்டு நாட்குறிப்புப் புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைத் தேடித் திறந்து என் பக்கம் திருப்பினார். கதவு திறந்திருந்தது என்ற வரிக்குப் பக்கத்தில் உங்கள் பெயர். பேனாவை நீட்டினார். உங்கள் பெயரை வெட்டி என் பெயரை எழுதினேன். நாலு வருடத்தில் அந்தப் பெண் ஒரு கதவையும் திறந்து விட்டதில்லை, நான் அதைப் பற்றி யோசித்திருக்க வேண்டும் என்று யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். என்னைக் கியோஸ்குக்கு மாற்றிவிடுங்கள், அங்கே ஒரு இடம் காலியாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன். அந்தத் தட்டுத் தொட்டியில் இன்னொருத்தியை வீணாக்க மாட்டேன், போய் அகூட்டிகளைப் பார் என்றார். தண்டித்திருந்தால் இலேசாய் இருந்திருக்கும்.

போனேன். கிழட்டுத் தாய்க்கு ஒரு பிரேசில் கொட்டை கொடுத்தேன். குந்தியிருந்து, உருட்டி மணந்து பார்த்துவிட்டு, தின்னாமல் மூலைக்குக் கொண்டுபோய்ப் புதைத்தது. தட்டியது. ஒரு சருகை இழுத்து மூடியது. கண்ணாடிக்கு வெளியே, பிள்ளைகளின் பின்னால், நீங்கள் நிற்கிற இடத்தைப் பார்த்தேன்.

அந்தப் பட்டியை நான் தலையில் கட்டுவதில்லை. மணிக்கட்டில் போட்டிருக்கிறேன். பின்னேரம் வேலை முடிய ஏழு கதவுகளையும் அந்தக் கையால்தான் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிறேன். பிறகு திரும்பப் போய் இன்னொரு தரம் பார்க்கிறேன். கண்ணாடிக்கு வெளியே அந்தப் பலகை இன்னும் அகூட்டி மறந்துவிடும் என்றுதான் சொல்கிறது. நீங்கள்தான் சரி. மறக்கிறதில்லை, விடுகிறது. எனக்கு அப்படி விட இன்னும் ஏலவில்லை, அக்கா.